மேற்படி வீடு

எங்கள் கருவநல்லூரில் பூமி எதன் மேல் நிற்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். என் வீட்டை ஆமை தாங்குகிறது. எனக்கு அடுத்த ஆறு வீடுகளையும் அதே ஆமைதான் தாங்குகிறது, பாவம், வாயில்லா ஜீவன். செவ்வாய்க்கிழமைதோறும் அது பின்னங்காலை மாற்றி வைக்கும்போது ஏழு வீட்டு உலையும் ஒரே சமயத்தில் தளும்பும், ஏழு பேரும் ஒரே சமயத்தில் கரித்துணியைத் தேடுவோம். புதிதாக வாழ வந்த பெண்கள் முதல் வாரம் பயப்படுவார்கள். இரண்டாவது வாரம் அவர்களும் செவ்வாய்க்கிழமை குக்கரில் சோறு வைக்கப் பழகிவிடுவார்கள்.

இதெல்லாம் போன தை மாதத்திலிருந்துதான். அதற்கு முன்பு எங்கள் ஊரிலும் பூமி மற்ற ஊர்களில் கிடப்பதுபோலச் சும்மாதான் கிடந்தது. தையில் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒருத்தி வந்தாள். பெயர் குழல்வாய்மொழி, சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், வயது நாற்பது இருக்கும், ஒப்பந்த வேலை, ஆறேழு மாதத்துக்கு ஓர் ஊர் என்று பையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவள். என் வீட்டு மாடி அறையில்தான் குடியிருந்தாள். அவள் கொண்டுவந்த தாளில் பதினாறு கலங்கள் வழக்கமானவை, எத்தனை பேர், எத்தனை அறை, கழிப்பறை உண்டா, ஓடா தளமா என்று. பதினேழாவது கலத்தில் மட்டும் 'அண்டவியல்' என்று அச்சடித்திருந்தது.

அப்படி ஒரு சொல்லை எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்டதில்லை என்று ஒத்துக்கொள்கிற ஆட்களா நாங்கள்? அது ஏதோ சான்றிதழ் என்று முடிவுகட்டி, மறுநாள் காலையில் ரேஷன் கார்டு நகலும் இரண்டு போட்டோவுமாகக் கிராம அலுவலர் ஆபீசில் நாற்பது பேர் வரிசையில் நின்றோம். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "அண்டவியல் இங்க குடுக்கதில்ல, தாலுகாவுல கேளுங்க" என்று அனுப்பிவிட்டார். தாலுகாவில் அன்று சர்வர் வேலை செய்யவில்லை.

பிறகு குழல்வாய்மொழி ஒவ்வொரு வாசலிலும் நின்று கையேட்டிலிருந்த விளக்கத்தை வாசித்தாள். 'அண்டவியல் என்பது, உலகம் எப்படித் தோன்றியது, எதன் மேல் நிற்கிறது, அதில் எது எது எங்கே இருக்கிறது, அது எப்படி முடியும் என்பவை பற்றிக் குடும்பத் தலைவர் கொண்டிருக்கும் எண்ணம்.' குடும்பத் தலைவர்கள் டீக்கடையில் இருந்த நேரமாகையால் எண்ணத்தைப் பெண்களே சொன்னோம். எனக்கு மடியில் பீடித்தட்டு, கையில் இலையும் தூளும், தலை நிமிர நேரமில்லை. "ஆமை தாங்குது, போட்டுக்கோ தாயி" என்றேன். அடுத்த வீட்டில் "ஆவுடையக்கா என்ன சொன்னா? அதான் எங்களுக்கும்" என்றார்கள். இப்படிச் சொன்ன வீட்டுக்கெல்லாம் அவள் 'மேற்படி' என்று எழுதிக்கொண்டே போனாள். மேலே உள்ளபடியே இதுவும் என்று அர்த்தம். அரசாங்கத் தாளில் பாதி அந்தச் சொல்லால்தான் நிரம்புகிறது.

எல்லாரும் மேற்படி இல்லை. ஞானசிகாமணி வாத்தியார், எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து வெடித்து இன்னும் விரிந்துகொண்டே போகிறது என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். இன்னாசியம்மாள், கர்த்தர் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டாள். டீக்கடை பேச்சிமுத்து எல்லாம் மாயை என்றார். தாள்களில் ஒரு வியாழக்கிழமை தாலுகா ஆபீசின் வட்ட முத்திரை விழுந்தது. வெள்ளிக்கிழமை காலையில் எந்த வீட்டில் என்ன எழுதியிருந்ததோ அந்த வீட்டில் அது அப்படியே இருந்தது. அதிசயப்பட்டு நிற்க யாருக்கு நேரம், வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பீடிக் கூலி போடுகிற நாள்.

வாத்தியார் வீடு தெருவிலிருந்து பார்த்தால் பழைய வீடுதான். உள்ளே விரிகிறது. முன்னறைக்கும் அடுப்படிக்கும் இடையே இப்போது முக்கால் பர்லாங்கு, அவர் மனைவி காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் ஆறிவிடுகிறது, ஆறின காபிதான் உடம்புக்கு நல்லது என்று வாத்தியார் சொல்லித் திரிகிறார். இன்னாசியம்மாள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மிக்சி ஓடாது, குழாயில் தண்ணீர் வராது, கடிகாரம் நகராது, மருமகளும் நாற்காலியை விட்டு அசையமாட்டாள். இன்னாசியம்மாளுக்கு அந்தக் கடைசி ஒன்றுதான் பிடிக்கவில்லை. பேச்சிமுத்து வீட்டில் என்ன ஆக்கித் தின்றாலும் வயிறு நிறைவதில்லை. மூன்று வேளையும் இட்லி வாங்க அவர் என் வாசல் வழியாகத்தான் போய் வருகிறார்.

சொல்லும் எங்கள் வாயில் ஏறிவிட்டது. ஒருவனுக்குத் தொழில் படுத்துவிட்டால் "இப்பம் அவனுக்கு அண்டவியல் சரியில்ல" என்போம். மாமியார் மருமகள் சண்டையில் "ஒன் அண்டவியல ஒங்க அம்ம வீட்டோட வச்சுக்கோ" என்று சத்தம் கேட்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு பதினேழாம் கலத்தையும் கேட்டு வாங்கினார்கள். ஆமை தாங்குகிற வீட்டில் பிறந்தவளை விரிகிற வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்று ஆகிவிட்டது, கொடுத்தால் வருடத்துக்கு வருடம் அவள் தள்ளிப் போய்க்கொண்டே இருப்பாள் அல்லவா. கையேட்டில் நாலு வரி இருந்த விளக்கம் எங்கள் தெருவில் ஒரு வரியாகச் சுருங்கிற்று. ஒரு வீட்டுக்குள் என்ன நடக்குமோ அது அந்த வீட்டு அண்டவியல், அடுத்தவர் கேட்கக்கூடாது.

இந்தக் கதை வீரபாகு அண்ணாச்சியைப் பற்றியது. நான்தான் ஊர்க்கதையெல்லாம் சொல்லி இழுத்துவிட்டேன்.

வீரபாகு அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் கருவநல்லூரில் கிடையாது, அதாவது அவருடைய குரலை. பஸ் ஸ்டாண்டில் மைக் முன்னால் உட்கார்ந்து, கடையம் மார்க்கமாகப் பாபநாசம், ஆலங்குளம் மார்க்கமாகத் திருநெல்வேலி என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவர். காலை ஐந்தரைக்கு முதல் வண்டியைச் சொல்வார், அந்தக் குரலைக் கேட்டுத்தான் நாங்கள் பாலுக்குத் தூக்கை எடுப்போம். வீடு என் வீட்டுக்கு நேர் எதிரே, மூன்று படி ஏறினால் நடை. மனைவி செண்பகவடிவு இறந்து ஒன்பது வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டுப் போனவர்கள்தான், அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் படி ஏறவில்லை. கோபம் தாபம் ஒன்றுமில்லை. தினமும் குரல் கேட்கிறது, குரல் கேட்கிற ஆளை எதற்குத் தனியாகப் போய்ப் பார்ப்பது?

கணக்கெடுப்பன்று குழல்வாய்மொழி அவர் வாசலுக்குப் போனபோது நான் இங்கே இலை வெட்டிக்கொண்டிருந்தேன். பேசியது எல்லாம் கேட்டது.

"அண்ணாச்சி, பதினேழாவது கலம். உங்க அண்டவியல் என்ன?"

"தெருவுல எல்லாரும் என்னத்தச் சொன்னாகளோ அதையே போட்டுருங்கம்மா. நமக்குன்னு தனியா என்ன இருக்கு?"

அன்று காலையில் மட்டும் முப்பது தடவை எழுதிய கை, முப்பத்தொன்றாவது தடவையும் 'மேற்படி' என்று எழுதிற்று. ஒரு தாளுக்குப் பதினைந்து வீடு. முந்தின வீட்டோடு பழைய தாள் முடிந்து போயிருந்தது. அண்ணாச்சி வீடு புதுத் தாளின் முதல் வரி. மேலே உள்ளபடி என்று எழுதினாளே தவிர, அதற்கு மேலே ஒன்றுமில்லை, வெறும் தாள்தான்.

தனி ஆளுக்கு ஒரு சிலிண்டர் நாலு மாதம் வரும். அதனால் அந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பது வைகாசி வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. வைகாசியில் ஒரு நாள் சிலிண்டர் போடுகிற மாடசாமி தோளில் சுமையோடு வேர்த்து விறுவிறுத்து என் முன்னால் வந்து நின்றான்.

"ஆவுடையக்கா, எதுத்த வீட்டு நடையில கால வச்சா கீழத்தெருவுல போயி நிக்கேன். மூணு வாட்டி போயாச்சு. தோளு எறங்கிட்டு."

நானும் போய்ப் பார்த்தேன். மூன்று படி ஏறி நிலையைத் தாண்டி வலது காலை உள்ளே வைத்தேன். கால் கீழத்தெருவின் சாக்கடை ஓரத்தில் இருந்தது, பின்னால் அண்ணாச்சி வீட்டுப் புறவாசல் கதவு. நடுவே வீடே இல்லை. தெருவில் நின்று பார்த்தால் அவர் உள்ளே பனியனோடு நிற்பது தெரிகிறது, பேசினால் கேட்கிறது, உள்ளே போகத்தான் முடியாது. அவர் மட்டும் எப்போதும்போல வந்து போகிறார். மாடசாமி சிலிண்டரைப் படியில் இறக்கி வைக்க, அவரே உருட்டி எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?" என்று தெருவில் நின்றபடி கேட்டேன்.

"தையிலயே தெரியும்மா. ஒரு பூன வந்துகிட்டு இருக்கும். அது படியேறும், காணாமப் போயிரும்."

"ஏன் சொல்லல?"

"யாருகிட்டம்மா சொல்ல? வீட்டுக்கு வாரவுககிட்டல்லா சொல்லணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சுருக்கென்றது அன்று சாயங்காலத்தோடு சரி, ஏனென்றால் அதற்குள் ஊருக்கு வேறு ஒன்று பிடிபட்டுவிட்டது. எங்கள் மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவுக்குப் போக வேண்டுமானால் தெப்பக்குளத்தைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். அண்ணாச்சி வீட்டு நடை வழியாகப் போனால் ஓர் எட்டு. தபால் ஆபீஸ் அங்கே, மாவு மில் அங்கே, பீடிக் கம்பெனி அங்கே. கீரைக்காரி போனாள், பள்ளிக்கூடம் போகிறவர்கள் போனார்கள், வாத்தியார் போனார், சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள், முளைப்பாரி ஊர்வலத்தையே அந்த வழியாகக் கொண்டுபோனார்கள், நாற்பது முளைப்பாரியும் குலவையும் மூன்று படி ஏறி மறைந்து அந்தப் பக்கம் இறங்கின. ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர் அவர் நிலைப்படியைத் தாண்டினோம், ஒருவரும் அவர் வீட்டுக்குள் போகவில்லை. அண்ணாச்சி தினமும் வேலைக்குப் போகுமுன் படியில் ஒட்டிய மண்ணைக் கூட்டிவிட்டுப் போவார்.

ஆனியில் ஒரு நாள் தபால் ஆபீஸ் போக வேண்டும் என்ற குழல்வாய்மொழிக்கு நான்தான் அந்தக் குறுக்குவழியைச் சொல்லிவிட்டேன். அதுவரை அவள் வடக்குத் தெருக்களில் சரிபார்ப்பு வேலையாக அலைந்துகொண்டிருந்தாள். முதல் படியில் கால் வைத்தவள் கதவு எண்ணைப் பார்த்தாள். அப்படியே திரும்பி மாடிக்கு ஓடினாள். நான் பின்னால் போனபோது கார்பன் நகலை மடியில் விரித்துவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் எழுதுனதுக்கா. மேல ஒண்ணுமே இல்லாம மேற்படின்னு போட்டிருக்கேன். பாவி."

"தெரியாமச் செஞ்சதுதான, விடு."

"அவரு அஞ்சு மாசமா இதுக்குள்ள இருக்காருக்கா."

ஒரு தடவை திருத்தலாம் என்று கையேட்டில் இருந்தது. ஒரே ஒரு தடவை. குடும்பத் தலைவர் வீட்டுக்குள் இருந்துகொண்டு தன் வாயால் சொல்ல வேண்டும், அடுத்தவர் சொன்னதையே சொல்லக்கூடாது. செய்தி பரவியதும் தெருவில் முணுமுணுப்பு. "ஒத்த ஆளுக்காவ ரெண்டு தெருவும் சுத்திப் போவணுமா?" என்று கீரைக்காரி கேட்டாள். பேச்சிமுத்து கேட்டார். நானும் கேட்டேன், ஒளிப்பானேன். வாரத்துக்கு ஆறு நாள் பீடிக் கட்டைத் தூக்கிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றுகிறவளுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

குழல்வாய்மொழி புதன்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டு முக்காலியை எடுத்துப் போய் அவர் படிக்கு முன்னால் தெருவில் போட்டு உட்கார்ந்தாள். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நிலைக்கு உள்ளே நின்றார். தெரு முழுவதும் கூடியிருந்தது.

"உலகம் எப்படித் தோன்றியது, அண்ணாச்சி?"

"தெரியலம்மா. நான் வரும்போதே எல்லாம் இருந்துச்சு."

"அதில் எது எது எங்கே இருக்கிறது?"

"செங்கோட்டை மேக்க, திருநவேலி கெழக்க. நடுவுல நான் மைக்குல."

எல்லாரும் சிரித்தோம். அவரும் லேசாகச் சிரித்தார்.

"எதன் மேல் நிற்கிறது?"

அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். தூரத்தில் மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"செம்பகம் இருக்கும்போது," என்று தொடங்கினார், மைக்கில் கேட்கிற குரல் இல்லை அது, "அவ அடுப்படியில நிப்பா, நான் முன்னால உக்காந்திருப்பேன். அவளுக்குத் தெரியும் நான் இருக்கது. ஆனாலும் அங்கன இருந்துகிட்டே கேப்பா, இருக்கியளான்னு. இருக்கேம்பேன். அம்புட்டுதான், ஒரு காரியமும் கெடையாது. நாளைக்கு நாலு வாட்டி கேப்பா. அது மேலதாம்மா நின்னுச்சு. யாராச்சும் வந்து, ஒரு காரியமும் இல்லாம, இருக்கியளான்னு கேக்கது மேல."

குழல்வாய்மொழி ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதினாள்.

"எப்படி முடியும்?"

"கேக்காம விட்டா முடியும்."

வியாழக்கிழமை முத்திரை விழுந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மாடசாமி முதல் ஆளாகப் படியேறி உள்ளே போனான், கீழத்தெருவில் போய் நிற்கவில்லை, அண்ணாச்சியின் நடையில்தான் நின்றான். பிறகு எல்லாரும் போனோம். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டைப் பார்த்தோம், சுவரில் செண்பகவடிவு படம், கொடியில் இரண்டே இரண்டு வேட்டி, ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. ஆளாளுக்கு "அண்ணாச்சி, இருக்கியளா?" என்று கேட்டோம். "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கேட்கக் கேட்க வீடு எழும்பிற்று. மூன்று படி இருந்த இடத்தில் சாயங்காலம் ஐந்து படி ஆகிவிட்டது.

எங்கள் தெரு நல்ல தெருதான். குடிதண்ணீர் குழாய்க்கு முறை வைப்பதுபோல இதற்கும் முறை வைத்தோம். திங்கள் இன்னாசியம்மாள், செவ்வாய் நான், புதன் வாத்தியார் என்று அட்டையில் எழுதி மின்கம்பத்தில் கட்டினோம். பதினைந்து நாள் ஒழுங்காக நடந்தது. பிறகு புதன்கிழமை வாத்தியாருக்கு அவர் வீட்டு முன்னறையிலிருந்து தெருவாசலுக்கு வரவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் போனில் கேட்டார். வீடு விரற்கடை எழும்பி மறுபடியும் இறங்கிவிட்டது, போனில் கேட்பது அதற்குச் செல்லாது போலிருக்கிறது. இன்னாசியம்மாள் தன் மகளின் பேறுகாலத்துக்கு நாசரேத் போய்விட்டாள். பேச்சிமுத்து இரண்டு நாள் போனார், மூன்றாம் நாள் இட்லிக்கு நேரமாகிவிட்டது.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். என் முறைக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை காபி போட்டுக் கொடுத்தார், குடித்தேன், மழையைப் பற்றிப் பேசினோம். இரண்டாவது தடவையும் காபி போட்டார், மழை பெய்யாததைப் பற்றிப் பேசினோம். மூன்றாவது தடவை இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. அவர் என்னை ஒரு நிமிடம் கூடுதலாக உட்காரச் சொல்ல நினைக்கிறார், சொல்லமாட்டார் என்று தெரிந்தது. என் புருஷன் மும்பையில் இட்லிக் கடை வைத்து வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவர். பெண்கள் இருவரும் அவரவர் வீட்டில். என்னை யார் வந்து கேட்கிறார்கள்? அந்த ஒற்றைத் தட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் அடுப்படி ஞாபகம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். நாலாவது செவ்வாய்க்கிழமை ஆமை காலை மாற்றுகிற நேரம், உலையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நான் உலையே வைக்கவில்லை.

ஐந்து படி மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. மழை பெய்தால் தெருத் தண்ணீர் நடையில் ஏறும் போலிருந்தது. அதற்கும் கீழே போகாமல் அந்த வீட்டை நிறுத்தி வைத்திருந்தது குழல்வாய்மொழி ஒருத்திதான். காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வந்தவுடன் ஒரு தடவை, தோளில் பையோடு நடையில் நின்று கேட்பாள். "இருக்கேம்மா, நீங்க சாப்ட்டியளா?" என்று அவர் கேட்பார். அவளை அப்படிக் கேட்கவும் ஊரில் வேறு ஆள் கிடையாது. எங்களுக்கு அவள் போவது வசதியாகப் போயிற்று. அவள்தான் போகிறாளே என்றோம்.

ஆவணி பிறந்ததும் அவளுக்கு அடுத்த தாலுகாவுக்கு உத்தரவு வந்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி மாடிக்கு வந்தார். இத்தனை வருடத்தில் அவர் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நான் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

"ஒரு ஒத்தாச செய்யணும்மா. அந்தப் பதினேழாவத மறுபடியும் மேற்படின்னே போட்டுருங்க."

"ஏன் அண்ணாச்சி? மறுபடியும் யாரும் உள்ள வர முடியாமப் போயிருமே."

"அதுக்குத்தாம்மா. அப்பம் யாரும் வராததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு தடவைதான் திருத்தலாம், தாளும் சென்னைக்குப் போய்விட்டது என்று அவருக்குச் சொல்ல முடியாமல் அழுதுகொண்டே இருந்தாள். அவர் புரிந்துகொண்டார். "சரிம்மா, சரிம்மா, வண்டிக்கு நேரமாச்சு, நான் போயி மைக்குல உக்காரணும்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி இறங்கிப் போனார்.

புறப்படும்போது அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க வாசலுக்கும் அவரு வாசலுக்கும் பத்தடி. காலையில ஒரு வார்த்தக்கா. வேற ஒண்ணும் வேண்டாம். உள்ள போயி உக்காரக்கூட வேண்டாம்."

"அதுக்கென்ன, நான் பாத்துக்கிடுதேன். நீ நிம்மதியாப் போ தாயி."

அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னேன். எந்த வண்டியையும் அண்ணாச்சி இரண்டு தடவை சொல்வார். அன்று அவள் ஏறின சங்கரன்கோவில் வண்டியை மூன்று தடவை சொன்னார்.

இது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் போனேன். நாலாம் நாள் கம்பெனியில் இலை மோசமாகக் கொடுத்துவிட்டார்கள், வெட்டவே பொழுது போய்விட்டது. பிறகு ஒரு கல்யாண வீடு, பிறகு கால்வலி. ஒரு நாள் விட்டால் மறுநாள் போவதற்குக் கூச்சமாக இருக்கிறது, இரண்டு நாள் விட்டால் என்ன சொல்லிக்கொண்டு போவது என்று இருக்கிறது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. வீட்டின் கடைசிப் படியும் போய், நிலைப்படி தெருவுக்குக் கீழே போய், இன்று காலையில் பார்த்தபோது ஜன்னலின் அடிக்கட்டை தெரு மண்ணுக்குச் சமமாக இருந்தது. அண்ணாச்சி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். கொஞ்ச நேரத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து குரல் வந்தது, கடையம் மார்க்கமாகப் பாபநாசம் என்று, எப்போதும்போலத் தெளிவாக, ஒரு பிசிறு இல்லாமல். நல்லாத்தானே இருக்கார் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கும். நாளைக்கு விடிந்ததும் முதல் காரியமாகப் போய்க் கேட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். நாளைக்குப் பார்த்து ரேஷனில் பாமாயில் போடுகிறார்களாம்.